உயரத்தைக் கொண்டாடுகிறோம், ஆழத்தை அளக்கிறோமா?

2024 மே மாதம் மும்பை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் மொத்தச் சந்தை மதிப்பு முதன்முறையாக 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. நாட்டின் ஓராண்டு ஜிடிபியைவிட இது கணிசமாக அதிகம். இந்திய நிதிச் சந்தை ஆழம் பெற்றுவிட்டது என்று வாதிடுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த விகிதத்தைத்தான். இதை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது பெரும் பிழை.

2007 இறுதியில் இதே விகிதம் ஏறத்தாழ 150 சதவீதமாக இருந்தது. உலக நிதி நெருக்கடி தாக்கிய அடுத்த ஆண்டின் முடிவில் 55 சதவீத அளவுக்குச் சரிந்தது. இடையில் நம் சந்தைகளோ வங்கிகளோ இழுத்து மூடப்படவில்லை. சரிந்தது பங்குகளின் விலை மட்டுமே. ஒரு மழையில் நீர்மட்டம் ஏறியதைப் பார்த்து, ஏரியைத் தூர்வாரிவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. தவிர, இந்தச் சந்தை மதிப்பில் சுமார் பாதி, நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் புரொமோட்டர்களின் கையில் இருக்கும் பங்குகள். அவை அன்றாட வணிகத்துக்கு வருவதில்லை.

ஆழத்தை நீண்டகால ஓட்டத்தில் பார்க்க வேண்டும் என்பதைப் பொருளியலாளர்கள் எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். 1969இல் ரேமண்ட் கோல்ட்ஸ்மித், நாடுகளின் நிதிச் சொத்துகளை அவற்றின் செல்வத்தோடு ஒப்பிட்டு இந்த ஆய்வுக்கு அடித்தளமிட்டார். ராபர்ட் கிங், ராஸ் லெவின் இருவரும் 1960 முதல் 1989 வரையில் சுமார் 80 நாடுகளை ஆராய்ந்து, நிதித் துறையின் ஆழத்துக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள நெருங்கிய தொடர்பை 1993இல் காட்டினார்கள். பின்னாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரான ரகுராம் ராஜன், லூயிஜி ஜிங்கேல்ஸுடன் இணைந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. பல நாடுகளின் நிதிச் சந்தைகள் 1980இல் இருந்ததைவிட 1913இல் ஆழமாக இருந்தன என்று அது நிறுவியது. ஆழம் ஒருமுறை கிடைத்துவிட்டால் நிலைத்துவிடாது. அரசியலும் கொள்கையும் அதை மீண்டும் மேடாக்கிவிடக்கூடும் என்பதே அதன் பாடம்.

இந்தியாவை இந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்போம். தனியார் துறைக்கு வழங்கப்பட்ட உள்நாட்டுக் கடன், 1960களின் தொடக்கத்தில் ஜிடிபியில் 10 சதவீதத்துக்கும் குறைவு. 1990இல் அது சுமார் 25 சதவீதம். 2010 வாக்கில் 50 சதவீதம். அதன் பிறகு பெரிய முன்னேற்றம் இல்லை. சந்தை மதிப்பு பல மடங்கு பெருகிய காலத்தில், கடன் விகிதம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. சீனாவில் இது நம்மைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

நிறுவனக் கடன் பத்திரச் சந்தையின் நிலை இன்னும் கவலைக்குரியது. அதன் அளவு ஜிடிபியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மலேசியாவில் பாதிக்கும் மேல். இங்கே வெளியாகும் பத்திரங்களில் பெரும்பகுதி, சில பெரிய முதலீட்டாளர்களிடம் நேரடியாக விற்கப்படுகிறது. சாலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் தேவைப்படும் நீண்டகாலக் கடனைத் தர இந்தச் சந்தைக்கு வலு இல்லாததால், குறுகிய காலத்துக்கு டெபாசிட் வாங்கும் வங்கிகள் அந்தச் சுமையைத் தூக்கின. 2018 மார்ச்சில் வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் 11 சதவீதத்தைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளக்கும் முறையிலும் குழிகள் உண்டு. 2023 ஜூலையில் ஹெச்டிஎஃப்சி நிறுவனம் ஹெச்டிஎஃப்சி வங்கியுடன் இணைந்தபோது, அதுவரை வங்கிக் கணக்கில் வராத வீட்டுக் கடன்கள் ஒரே நாளில் வங்கிக் கடன்களாயின. நாட்டில் யாரும் புதிதாகக் கடன் வாங்காமலேயே புள்ளிவிவரம் எகிறியது. இதை உணர்ந்து, இணைப்பைச் சேர்த்தும் விலக்கியும் இரு கணக்குகளை ரிசர்வ் வங்கி வெளியிட்டது பாராட்டத்தக்கது. ஜிடிபியின் அடிப்படை ஆண்டு மாறும்போதும் எல்லா விகிதங்களும் இடம் மாறுகின்றன. பெருந்தொற்று ஆண்டில் நடந்ததுபோல ஜிடிபி சுருங்கினால், சந்தை வளராமலேயே விகிதம் கூடிவிடும்.

ஆழத்தின் பயன் யாரைச் சென்றடைகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள், நான்கே ஆண்டுகளில் 15 கோடியைத் தாண்டின. அதே காலத்தில் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்கிறது 2024 செப்டம்பரில் வெளியான செபியின் ஆய்வு. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இழந்த தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். சிறு சேமிப்பைக் கரைக்கும் பரபரப்பை ஆழம் என்று எண்ணக் கூடாது. இதனால்தான் உலக வங்கியின் நிதி வளர்ச்சித் தரவுத்தளம் ஆழத்தோடு அணுகல், திறன், நிலைத்தன்மை ஆகியவற்றையும் சேர்த்தே அளக்கிறது.

மக்கள் எந்த அளவுக்கு நிதிச் சேவைகளைப் பெறுகிறார்கள் என்பதைக் காட்டும் குறியீட்டை ரிசர்வ் வங்கி 2021 முதல் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2017 மார்ச்சில் 43.4 ஆக இருந்த அது, 2024 மார்ச்சில் 64.2 ஆனது. நிதிச் சந்தையின் ஆழத்துக்கும் இதுபோன்ற ஒரு கணக்கு வேண்டும். வங்கிக் கடன், கடன் பத்திரம், பொதுமக்கள் கையில் உள்ள பங்குகள் மூன்றையும் தனித்தனியே, மாறாத வரையறையில், குறைந்தது 30 ஆண்டுத் தொடராக, மாநிலவாரியாகவும் அது தர வேண்டும். அடிப்படை ஆண்டு மாறினால் பழைய ஆண்டுகளையும் திருத்தி வெளியிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பொருளாதார ஆய்வறிக்கையுடன் இதை நாடாளுமன்றத்தில் வைப்பது நிதி அமைச்சகத்தின் கடமை. பங்குக் குறியீட்டெண்ணின் புதிய உச்சத்தை வைத்துக் கொள்கை வகுக்கும் பழக்கத்துக்கு அப்போதுதான் முடிவு வரும்.