இலையில் எது குறைகிறது?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கொலஸ்ட்ரால் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால், வீட்டில் முதலில் நிற்பது முட்டை. அடுத்தது தேங்காய்ச் சட்னி. 'எதை நிறுத்தணும் டாக்டர்?' என்றே கேட்டுப் பழகிவிட்டோம். இலையில் எது குறைகிறது என்று கேட்பவர்கள் அபூர்வம்.

உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் தின்று வந்ததல்ல, உடலே தயாரித்தது. கல்லீரல் அதிலிருந்து பித்த அமிலங்களை உண்டாக்குகிறது. கொழுப்பைச் செரிக்கக் குடலுக்கு வரும் இந்த அமிலங்களில் சுமார் 95% மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். ஓட்ஸ், பார்லி, வெந்தயம், பயறு வகைகளில் உள்ள கரையும் நார்ச்சத்து இந்தச் சுழற்சியில்தான் குறுக்கிடுகிறது. குடலில் கூழாகிப் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. குறைந்ததை ஈடுகட்ட, ரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லைக் கல்லீரல் இழுத்துக்கொள்கிறது.

டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு உணவின் வீச்சைக் காட்டியது. பிசுபிசுப்பான நார்ச்சத்து, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் ஆகிய நான்கும் சேர்ந்த உணவு, ஒரே மாதத்தில் எல்டிஎல்லை 28.6% குறைத்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை எடுத்த பிரிவில் குறைந்தது 30.9%. ஆய்வில் இருந்தவர்கள் சில பத்துப் பேர்தான். உணவும் அளந்து கொடுக்கப்பட்டது. ஆகவே, இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால், நான்கும் கூடிச் செய்த வேலையை ஒரே மூலிகைச் சாற்றை அடைத்த குப்பி செய்துவிடும் என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டியதில்லை.

செரிக்காத நார் வீணாவதில்லை. பெருங்குடல் நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். நடைக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், உட்கார்ந்தே பழகிய 32 பேரை ஆறு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். பியூட்டிரேட் உற்பத்தி கூடியது. ஒல்லியானவர்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது. பயிற்சியை நிறுத்திய அடுத்த ஆறு வாரத்தில் பலன் பெரும்பாலும் கரைந்துபோனது. ஜனவரியில் தொடங்கிப் பொங்கலோடு முடிகிற நடை குடலை ஏமாற்றாது. உடற்பயிற்சி எல்டிஎல்லைச் சற்றே குறைக்கும். ட்ரைகிளிசரைடைக் குறைத்து, நல்ல கொலஸ்ட்ராலை உயர்த்துவதில்தான் அதன் பலம்.

இவ்வளவையும் தனிமனித ஒழுக்கத்தின் தலையில் கட்டிவிட முடியுமா? தமிழக ரேஷன் பையில் இலவச அரிசி, மலிவு விலைத் துவரம்பருப்பு, பாமாயில் வருகின்றன. பாமாயிலில் எல்டிஎல்லை உயர்த்தும் நிறைகொழுப்பு ஏறக்குறைய 40%. கடலை எண்ணெயில் அதில் பாதிதான். 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது நல்ல அடி. அது எல்லா மாவட்டங்களுக்கும் போக வேண்டும். பையில் கொண்டைக்கடலையும் தட்டைப்பயறும் ஏற வேண்டும்.

'பயறு சாப்பிடுங்க, தினமும் நடங்க' என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டில் பாதியை ரேஷன் கடையிலும், மீதியை நடக்க இடம்விட்ட தெருவிலும்தான் வாங்க முடியும்.