எந்த ஏழையின் பெராரி?

டொயோட்டா எம்.ஆர்.2 டேர்போவை 'ஏழைகளின் பெராரி' என்கிறார்கள். எந்த ஏழை அதை வாங்கினான்? பெராரியை அளவுகோலாக வைத்து மற்றதையெல்லாம் மட்டந்தட்டுற பேச்சு இது.

1989இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரில் 2 லீற்றர் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பின்சில்லுக்கு முன்னால். வளைவில் பயந்து அக்சிலேற்றரிலிருந்து சடாரெனக் காலை எடுத்தால் பாரம் முன்னுக்குப் போகும், பின்சில்லு பிடிவிடும், கார் சுழலும். உடனே 'ஆளைக் கொல்லுற கார்' என்று பழி.

டொயோட்டா பிறகு சஸ்பென்ஷனைத் திருத்தியது உண்மைதான். ஆனால் இதே குணம் பழைய போர்ஷே 911இல் இருந்தால் சவால், ஜப்பான் காரில் இருந்தால் குறையா?

நாங்கள் சலுகை கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒரே தராசைப் பிடியுங்கள் என்கிறோம். அதற்கு முதல், வளைவில் காலை எடுக்காமல் ஓட்டப் பழகுங்கள்.