எடைக்குப் போன மாயாவி

போன ஆடித்தபசுக்கு மறுநாள் காலை. தவசுக்காட்சி பார்க்க வந்த கூட்டம் சங்கரன்கோவிலைவிட்டு வடிந்துகொண்டிருந்தது. ரத வீதி ஓரத்தில் ஒருவர் சாக்கை விரித்துப் பழைய புத்தகம் போட்டிருந்தார். பஞ்சாங்கம், போட்டித் தேர்வு கைடு, அட்டை கிழிந்த நாவல்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முத்து காமிக்ஸ். பின் துருவேறி, அந்தத் துரு காகிதத்தைத் தின்று, நடுப்பக்கங்கள் கழன்று கிடந்தன. புரட்டினால் உள்ளே ஊதா மையில் ஒரு கிளை நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப். எந்தக் கிளை என்று எழுதப்போவதில்லை. என் நூலகப் பணிக்காலத்திலும் இப்படிப் போனவை உண்டு.

விலை கேட்டேன். "அதுக்கு ரேட்டு தனி அண்ணாச்சி, மாயாவி கதைல்லா" என்றார். நாம் பழைய வார இதழ்களோடு கட்டிக் கிலோ கணக்கில் தள்ளியதை அவர் தனியாகப் பொறுக்கி வைத்திருக்கிறார். நூலகவியல் படித்த நாம் செய்யாத தரம்பிரிப்பை, சாக்கு விரித்துக் கடை போடுகிறவர் செய்திருக்கிறார்.

இந்த முத்து காமிக்ஸ் வரிசை எங்கோ தூரதேசத்தில் அச்சானதல்ல. சங்கரன்கோவிலில் ரயிலேறினால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அதைத் தாண்டினால் சிவகாசி. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்துப் பேர் வாங்கிய ஊரில், 1972 ஜனவரியில் எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. ஆசிரியர் பொறுப்பில் முல்லை தங்கராசன் இருந்தார். மூலக்கதை பிரிட்டனில் 1962-ல் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கியது. கென் பல்மர் எழுத, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆள், மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். சொந்த நாட்டில் அவனை மறந்து வெகுகாலமான பிறகும் இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் அவனைப் பக்கத்து வீட்டுக்காரனைப் போல விசாரிக்கிறார்கள். தமிழ்ப் பெயரில் 'மாயாவி' என்று வைத்தார்களே, அங்கேதான் பாதி வேலை முடிந்தது என்பது என் கட்சி. அம்புலிமாமா படித்து வளர்ந்த பிள்ளைக்கு மாயாவி அந்நியனில்லையே.

மாயாவிக்குப் பின்னால் ஜானி நீரோ வந்தார், வேதாளன் வந்தார், ரிப் கிர்பி வந்தார். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், பதின்ம வயது தாண்டாத பையன், 'கத்தி முனையில் மாடஸ்டி' என்ற கதையோடு லயன் காமிக்ஸை ஆரம்பித்தார். ஸ்பைடரும் இத்தாலியில் 1948-ல் பிறந்த டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்து லக்கி லுக்கும் அந்த வழியாகத் தமிழுக்கு வந்தவர்கள். அதே 1984 ஜூலையில் ராணி காமிக்ஸும் புறப்பட்டு, 2005 வரை ஓடி நின்றது. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவும் நின்றுவிட்டது. சிவகாசிக்காரர்களும் நடுவில் தள்ளாடினார்கள். மாதங்கள் தவறின, வரிசைகள் சில காணாமல் போயின. பிறகு 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று பெயரிட்டே, வழவழத்தாளில் வண்ணத்தோடு திரும்பி வந்தார்கள். முத்து 2022-ல் ஐம்பது ஆண்டைத் தொட்டது. தமிழில் பிள்ளைகளுக்கென்று தொடங்கி, எண் போட்டு வந்து, இவ்வளவு காலம் உயிரோடிருக்கும் வரிசை வேறெது என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அப்படிப்பட்ட வரிசை அச்சான ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் நம் கிளைகளில், ஒன்றிலாவது முதல் நூறு எண்கள் சேர்ந்தாற்போல் இருக்கும் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. ஏன் இப்படி ஆயிற்று? காமிக்ஸ் என்றால் இளக்காரம் என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் நம் மேசையிலேயே இருக்கிறது. காமிக்ஸ் வந்தால் எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? அதில் எண் இருக்கிறது, மாதம் இருக்கிறது, சந்தா இருக்கிறது. ஆகவே பருவ இதழ். பருவ இதழ் என்றால் கெடு முடிந்ததும் கட்டி எடைக்குப் போடலாம், கேட்பாரில்லை. ஆனால் உள்ளே பாருங்கள்: பெரும்பாலும் ஒரு புத்தகத்தில் ஒரு முழுக்கதை. தலைப்பு இருக்கிறது, நாயகன் இருக்கிறான், முடிவு இருக்கிறது. வாசகன் வந்து "மார்ச் மாதத்துப் புத்தகம் இருக்கா" என்று கேட்பதில்லை, கதையின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறான். அவன் கணக்கில் அது புத்தகம். நம் கணக்கில் மட்டும் அது போன வாரத்துப் பேப்பர்.

இதற்கு விதி இல்லாமலும் இல்லை. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1934-ல் வெளியிட்ட பட்டியலாக்க விதிகளிலேயே தொடர் குறிப்புக்கு இடம் வைத்திருக்கிறார். தனி நூலாகச் சேர்க்கை எண் கொடுத்து, வரிசையின் பெயரையும் எண்ணையும் தொடர் குறிப்பில் எழுதினால் முடிந்தது. டியூயி முறை வைத்திருப்பவர்களுக்கு 741.5 என்று தனி இடமே உண்டு. வேலை அதிகம் என்பது உண்மைதான். மாதம் இரண்டு மூன்று மெல்லிய புத்தகத்துக்குத் தனித்தனி எண், தனித்தனி அட்டை. இன்னொரு பயமும் நமக்குத் தெரியும்: இருப்புச் சரிபார்ப்பில் முதலில் காணாமல் போவது காமிக்ஸ்தான், குறைந்ததற்கு யார் பதில் சொல்வது? பருவ இதழில் ஏற்றிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. நானும் அந்த வசதியை அனுபவித்தவன்தான். ஆனால் அந்த வசதிக்கு ஐம்பதாண்டு வரிசையை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

மறுபதிப்பு இன்னொரு சிக்கல். ஒரே மாயாவி கதை முத்துவில் ஓர் எண்ணில் வந்திருக்கும். பின்னாளில் காமிக்ஸ் கிளாசிக்ஸில் வேறோர் எண்ணில் வந்திருக்கும். அதற்கும் பிறகு பெரிய அளவில், நல்ல தாளில். மூன்றும் ஒன்றல்ல. வேலியன்ட் ஓவியர் ஆங்கில வசனத்துக்கு அளவாக விட்ட பலூனுக்குள், அதைவிட நீளமான தமிழைத் திணிக்க என்ன பாடுபட்டிருக்கிறார்கள், எந்த வசனத்தைச் சுருக்கினார்கள் என்பதெல்லாம் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். மொழிபெயர்ப்பை ஆராய வரும் மாணவிக்கு 'இரண்டாம் பிரதி' என்று நாம் கழித்த புத்தகம்தான் வேண்டியிருக்கும்.

எந்த அலமாரியில் வைப்பது என்ற தகராறும் உண்டு. மாயாவியும் லக்கி லுக்கும் சிறுவர் பகுதியில் இருக்கலாம்; பெரியவர்களுக்கான மாடஸ்டியை அங்கே வைத்தால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இந்த வரிசை தன் வாசகனோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. இன்று சந்தா கட்டி வாங்குகிறவர்களில் பலர், அரைக்கால் சட்டையில் வாடகை நூலகத்தின் வாசலில் நின்றவர்கள். ஆகவே வரிசை முழுவதையும் ஒரே பகுதியில் அடைக்க முயல வேண்டாம். கதையைப் பார்த்துப் பிரியுங்கள். பட்டியலில் மட்டும் வரிசை அறுபடாமல் இருக்கட்டும்.

இளக்காரம் நமக்கு மட்டும் உரியதல்ல. எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' 1942-லிருந்து 1963 வரை 21 புத்தகங்களாக வந்து பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போன காலத்திலேயே, பிரிட்டனில் சில நூலகர்கள் அவரை வாங்க மறுத்தார்கள். அங்கே கடைகளில் அவர் தப்பித்துக்கொண்டார்; கெட்டி அட்டைப் புத்தகம் வீட்டில் தங்கும். பின்னடித்த மலிவுத்தாள் புத்தகம் தங்காது. பிரான்சில் அங்கூலேம் என்று ஓர் ஊர், ஒரு காலத்தில் காகித ஆலைகளுக்குப் பேர்போனது. இன்று அங்கே காமிக்ஸுக்கென்றே நூலகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. காகித ஊர் அதைச் செய்ததென்றால் அச்சு ஊரின் அக்கம்பக்கம் ஏன் செய்யக் கூடாது? 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சமாதானம் சொல்வார்கள். சரி, புளியங்குடிப் பையன் அதைப் படிக்கச் சென்னைக்கா போவான்?

பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. தென்காசி, விருதுநகர் மாவட்டங்களில் ஆளுக்கொரு கிளை பொறுப்பேற்றால் போதும். இருப்பதைக் காப்பாற்றுவது முதல் வேலை. துருவேறிய பின்னை முனை மழுங்கிய கத்தியால் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டைகள் வழியாகப் பருத்தி நூலால் தையுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். பத்துப் புத்தகத்தை ஒன்றாகப் போட்டு பைண்டிங் செய்வதை நான் எதிர்க்கிறேன். ஓரம் வெட்டும்போது பலூனும் எண்ணும் வெட்டுப்படும், அட்டைகளைப் பைண்டர் தூக்கி எறிந்துவிடுவார், ஒருவர் எடுத்துப் போனால் ஒன்பது பேர் காத்திருக்க வேண்டும். ஓர் அட்டைப்பெட்டியில் எண் வாரியாக நிறுத்தி வைத்தால் போதும். விட்டுப்போன எண்களை வாசகர்களிடம் கேளுங்கள். பரணில் டிரங்குப் பெட்டி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் எல்லா ஊரிலும் ஒருவராவது இருப்பார். விற்கச் சம்மதிக்கமாட்டார், உங்கள் நூலகத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்பினால் கொடுப்பார்.

புதிதாக வருவதை என்ன செய்வது? பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சிறுபுத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. அவற்றுக்கும் இதே கதி வரலாம். மெல்லிய புத்தகம், நிறையப் பிரதி, இன்று யாருக்கும் அருமை தெரியாது. ஒரு முழு வரிசையை இப்போதே தனியே எடுத்து வையுங்கள்.

இந்த ஆண்டுக் கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் பருவ இதழ்க் கட்டுகளை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். முத்து, லயன், ராணி காமிக்ஸ் எது அகப்பட்டாலும் எண், மாதம், கதைத் தலைப்பு மூன்றையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். எந்தக் கிளையில் எது இருக்கிறது என்ற பட்டியலை அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். ரத வீதியில் நான் வாங்கிய பிரதியில் எண் அச்சான மூலை கிழிந்துபோயிருக்கிறது. கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் எழுதினால், பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன்.