28 நாளுக்கு ஒரு மாசமா? (ப்ரீபெய்டு, போஸ்ட்பெய்டு, குமரி மாவட்டம்)

"போஸ்ட்பெய்டுக்கு மாறு மக்கா, மாசத்துக்கு ஒரு தடவ கட்டினா போரும், தொல்லையே இல்ல." நாகர்கோவிலில் மாதச் சம்பளம் வாங்குகிற யாரிடம் கேட்டாலும் இந்த உபதேசம் இலவசமாகக் கிடைக்கும். ப்ரீபெய்டு என்றால் விவரமில்லாதவர்கள் சமாச்சாரம், போஸ்ட்பெய்டு என்றால் ஒரு கௌரவம் என்று நினைப்பு. இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு இணைப்புகளுக்கு மேல் ப்ரீபெய்டுதான். அத்தனை பேருக்குமா விவரம் இல்லை?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2024 ஜூலை கட்டண உயர்வில் ஏர்டெல்லின் ஆரம்ப போஸ்ட்பெய்டு பிளான் 399 ரூபாயிலிருந்து 449 ஆனது. பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக ஏறும். ஆக மாதம் கிட்டத்தட்ட 530, வருஷத்துக்கு 6,358. அதே உயர்வில், தினம் ஒன்றரை ஜி.பி. தருகிற ப்ரீபெய்டு பேக் 349 ஆனது. வரி அதற்குள்ளேயே அடக்கம். ஆனால் 28 நாள்தான். வருஷத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை போட வேண்டும். அப்படிப் போட்டும் 4,537 தான் ஆகிறது. கூட்டிக் கழித்துப் பாருங்கள், வித்தியாசம் 1,800 ரூபாய்க்கு மேல். குடும்பத்தில் நாலு பேரை ஒரே பிளானில் சேர்த்தால் போஸ்ட்பெய்டு மலிவாகும் என்பது உண்மைதான். ஆனால் கட்டுகிற ஒருவர் ஒரு மாதம் கட்டாவிட்டால் நாலு போனும் ஒன்றாக ஊமையாகும்.

ஆனால் சண்டை 1,800 ரூபாய்க்காக இல்லை. மாதச் சம்பளக்காரர்களின் கணக்கு, மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போய்ப் பாருங்கள். ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகுகள் ஒரு மாதம், சில சமயம் நாற்பது நாள் கழித்துத்தான் திரும்பும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் செல்போன் சிக்னல் போய்விடும். கிளம்புகிற அன்று 349 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்துவிட்டுப் போகிறவருக்கு, அந்த 28 நாளும் கடலிலேயே கரைந்துவிடும். திரும்பி வந்து போனை ஆன் செய்தால் முதலில் வருவது "உங்கள் பேக் முடிந்துவிட்டது" என்ற செய்தி. போஸ்ட்பெய்டாக இருந்திருந்தால்? பேசாத மாதத்துக்கும் முழு பில் வீட்டுக்கு வந்திருக்கும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதமும் பில் மட்டும் தவறாமல் வரும்.

சரி, ரீசார்ஜ் செய்யாமலே போகட்டும் என்பீர்கள். பேக் முடிந்தால் சில நாளில் இன்கமிங்கும் நிற்கும். வங்கியின் ஓ.டி.பி. வருவது அந்த நம்பருக்குத்தான். தடைக்கால நிவாரணம் வரவாகிற கணக்கும் அதே நம்பரில்தான் இருக்கும். போன் அணைந்தால் பேச்சு மட்டும் நிற்பதில்லை.

மலைப்பக்கமும் இதே கதைதான். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் பால் வெட்டுகிறவர்களுக்கு மழை பெய்தால் வேலை இல்லை. குமரி மாவட்டத்துக்கு மழையோ வருஷத்தில் இரண்டு பருவம். அண்டி ஆபீசுக்குப் போகிற பெண்களின் கைக்கு வருவது வாரக் கூலி. இவர்களிடம் போய் "ஆட்டோ டெபிட் போடுங்க" என்று சொல்ல ஒரு தனி தைரியம் வேண்டும் :-)

எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு பழைய பாடம் இருக்கிறது. களியக்காவிளையில் தமிழ்நாட்டு சிம் வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும், போன் கேரளக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே ரோமிங், வருகிற அழைப்புக்கும் காசு. 2017 வாக்கில் ரோமிங் கட்டணம் ஒழியும்வரை இதுதான் நிலைமை. ப்ரீபெய்டுக்காரருக்கு நஷ்டம் பேலன்ஸோடு நின்றது. போஸ்ட்பெய்டுக்காரருக்கு மாதக் கடைசியில்தான் தெரியும், திண்ணையில் உட்கார்ந்ததற்கு எவ்வளவு என்று.

அப்போதைய ப்ரீபெய்டின் அருமை அதுதான். பத்து ரூபாய்க்கு டாப்-அப் செய்யலாம். 2009-ல் டாடா டொகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று இறங்கியதும் மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பேசினால் காசு, பேசாவிட்டால் காசு அப்படியே கிடக்கும். அதற்கு முன்பே, 2005 இறுதியிலும் 2006 தொடக்கத்திலும், 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' இன்கமிங் என்று விற்றார்கள். 2018 இறுதியில் அந்த லைஃப்டைம் முடிந்தது (வாங்கியவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள்). மாதம் குறைந்தது 35 ரூபாய் போடு, இல்லாவிட்டால் இன்கமிங் கிடையாது என்றார்கள். 35 என்பது 2024 ஜூலையில் ஏர்டெல்லில் 199, ஜியோவில் 189 ஆகிவிட்டது.

இதற்குப் பெயர் ப்ரீபெய்டே அல்ல, வாடகை. அதுவும் முன்கூட்டியே வாங்குகிற வாடகை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து மாவட்டம் முழுக்கக் கரண்டு போய், கோபுரங்கள் படுத்துக் கிடந்தபோதும் பேக்கின் நாள்கணக்கு ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோதும் அல்லாடியவர்கள் முன்பணம் போட்டவர்கள்தான். ப்ரீபெய்டின் குறை இது, இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்கு மருந்து போஸ்ட்பெய்டு அல்ல. பயன்படுத்தாத நாளுக்குக் காசு பிடிக்காத பழைய ப்ரீபெய்டைத் திரும்பக் கேட்பதுதான் மருந்து.

டிராய் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கொல்லம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில்கூட இல்லாத இந்த 28 நாள் மாசத்தைப் பார்த்துவிட்டு, 30 நாள் பேக்கும் வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. கம்பெனிகள் பேருக்குச் சிலதை வைத்துவிட்டு 28-ஐயே விற்றுக்கொண்டிருந்தன. 2024 டிசம்பரில், நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும், 365 நாள் வரை செல்லலாம் என்றது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 1,849 ரூபாய்க்கு 365 நாள் பேக் கொண்டுவந்தது. நாளுக்கு ஐந்து ரூபாய் சொச்சம். படகில் போகிறவருக்கும், நெட்டே தொடாத பாட்டிக்கும் இப்போதைக்கு போஸ்ட்பெய்டைவிட, 28 நாள் பேக்கைவிட இந்த மாதிரி பேக்தான் லாயக்கு.

ரீசார்ஜ் கடையில் இதை அவர்களாக எடுத்துச் சொல்லமாட்டார்கள், பேர் சொல்லித்தான் கேட்க வேண்டும். "அதுல நெட் இல்லியே" என்பார்கள். இல்லாவிட்டால் பரவாயில்லை, போடச் சொல்லுங்கள்.