வெண்பனி நகரமும் தாது வருடப் பஞ்சமும்

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்றுண்டு. கணினி விளையாட்டில் பிள்ளைகள் பொழுதைப் பாழாக்குகின்றனர் என்பது பெற்றோர் கட்சி. அது வெறும் விளையாட்டுத்தானே என்பது பிள்ளைகள் கட்சி. இரு கட்சியும் பிழையுடையன என்பதே இக்கட்டுரையின் துணிபு. விளையாட்டு ஓர் அரசியலைக் கற்பிக்கிறது. அவ்வரசியலை ஆராய்ந்து மறுக்க வேண்டிய பெற்றோரோ கடிகாரத்தைப் பார்ப்பதோடு அமைந்துவிடுகின்றனர்.

சான்றாக, போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஃப்ராஸ்ட்பங்க்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனையான 1886 ஆம் ஆண்டில் உலகம் உறைந்துபோகிறது. எஞ்சிய ஆங்கிலேயர் சிலர் வடபுலத்தில் நிலக்கரியால் எரியும் பெரியதோர் வெப்பக் கோபுரத்தைச் சுற்றிக் குடியேறுகின்றனர். விளையாடுபவனே அந்நகரின் தலைவன். கூழை நீர்க்கச் செய்யலாமா, உணவில் மரத்தூள் கலக்கலாமா, சிறுவரை வேலைக்கு அனுப்பலாமா, ஒரு முழு நாள் ஓய்வின்றி உழைக்க ஆணையிடலாமா என்று அவனே சட்டம் இயற்றுகிறான். மக்களின் நம்பிக்கையும் மனக்குறையும் திரையின் அடியில் இரண்டு அளவுகோடுகளாகக் காட்டப்படுகின்றன.

இவ்விளையாட்டை ஆக்கியோர் கொடுமையைப் போற்றினர் என்று கூறுதல் நேர்மையாகாது. எல்லை மீறிய தலைவனைப் பார்த்து, இத்தனை விலை கொடுத்துப் பிழைத்தது தகுமா என்று இறுதியில் அவர்களே வினவுகின்றனர். சிறுவருக்கு வேலைக்கு மாறாகப் புகலிடம் அமைக்கும் வழியும் அதில் உண்டு. எனினும் அவ்வினா பிறக்கும் இடத்திலேயே பிழை இருக்கிறது. கொடுமையால் உயிர் காக்கலாம். ஆனால் அறம் அழியும் என்பது அதன் அடிப்படை. கொடுமை உயிரையும் காப்பதில்லை என்பது வரலாறு காட்டும் உண்மை. அவ்வரலாறு நிகழ்ந்தது இம்மண்ணிலேயாம்.

கற்பனைப் பனிக்குப் பத்தாண்டு முன்னர், 1876 இல் மழை பொய்த்தது. தமிழர் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் வழங்குவர். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணமும் மைசூர் நாடும் ஒருங்கே வாடின. மைசூர் அப்பொழுது ஆங்கில ஆணையரின் நேராட்சியில் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் 50 இலட்சத்தைத் தாண்டியிருந்த மைசூர் மக்கள்தொகை, 1881 இல் ஏறத்தாழ 42 இலட்சமாகக் குறைந்தது. பிறக்கும் குழந்தைகளால் பெருக வேண்டிய தொகை பத்தாண்டில் இவ்வளவு சுருங்கிற்று என்றால், ஊர்தோறும் எத்தனை வீடுகள் அடைபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வானம் மட்டுமா இதற்குக் காரணம்? 1873-74 இல் பீகாரில் பஞ்சம் தோன்றியபோது சர் ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி வருவித்துத் தாராளமாக வழங்கினார். பட்டினிச் சாவு பெரும்பாலும் தடுக்கப்பட்டது. அதற்காக அவர் பெற்ற பரிசு, ஊதாரி என்னும் பழியே! அப்பழியைத் துடைக்க விரும்பிய அதே மனிதரை 1877 இல் லிட்டன் பிரபு தென்னாட்டுக்கு அனுப்பினார். பஞ்ச நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று வாதாடினார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் மாண்டவர் மீளவில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. ஒரே ஆட்சி, ஒரே அதிகாரி, மூன்றாண்டு இடைவெளி. கொடுத்த இடத்தில் உயிர் தங்கியது. குறைத்த இடத்தில் உயிர் நீங்கியது. ஆகவே கூழை நீர்க்கச் செய்தல் காலத்தின் கட்டாயம் என்பது ஆள்வோர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட சமாதானம். விளையாட்டின் கிடங்கில் உணவு உண்மையிலேயே தீர்ந்துபோகிறது. 1877 இல் நாட்டில் தானியம் இருந்தது. இரயிலேறி விலை மிகுந்த இடத்துக்குப் போயிற்று. கப்பலேறிக் கடலும் கடந்தது. வாங்கும் வலிமை மக்களிடம் இல்லாமையே பசியாயிற்று.

நம் மரபு இவ்விடத்தில் வேறொரு நெறியைக் காட்டுகிறது. வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. வெப்பக் கோபுரத்தின் அருகே இடம் பெறத் தகுதி வேண்டும்; அவ்வடுப்பின் முன் பசியே தகுதி. தாது வருடத்தில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோரைக் காத்தார். மணிமேகலையின் கதையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. பனிநகர விளையாட்டில், தலைவன் மனம் வைத்தால், ஊரே சிறைக்கோட்டமாகிவிடும்!

இலட்சக்கணக்கானோர் பசிக்குத் தனியார் அறம் போதுமா என்று கேட்கலாம். போதாது. அரசும் திருந்த வேண்டும். 1880 இல் பஞ்ச ஆணைக்குழு அறிக்கை அளித்தது. பஞ்ச நிவாரண விதிகள் பிறந்தன. 1881 இல் மைசூர் மீண்டும் உடையார் மரபினரிடம் வந்தபோது திவானாக இருந்தவர் செங்கற்பட்டுச் சீமையில் பிறந்த ரங்காசார்லு. அவ்வாண்டே அவர் பிரதிநிதிகள் சபையைத் தொடங்கினார். நிலக்கிழாரும் வணிகருமே அதில் மிகுதி. சட்டமியற்றும் உரிமையும் அதற்கில்லை. ஆயினும் பேரழிவிலிருந்து எழுந்த நாடு, ஆள்வோனின் கையை இறுக்குவதற்கு மாறாக, ஆளப்படுவோரின் வாயைச் சிறிதேனும் திறந்துவிட்டது. அவர் பெயரால் எழுந்த நினைவு மண்டபத்தையே மைசூர் நகர மண்டபம் என்று நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். அதன் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

நம்முள் பலருடைய முன்னோர் பிழைப்பு நாடி ஊர் விட்டவர்கள். இலங்கைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், கோலார் தங்கவயலுக்கும் சென்றோர் வழிவந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் தலைவன் திரையில் தோன்றும் எண்களாயிருந்தவர்கள். அவர்தம் பேரப்பிள்ளை அவ்வெண்களைக் குறைக்கும் ஆணையில் இன்று விரல் வைக்கிறான்.

ஆதலின், பெற்றோரே, விளையாட்டைப் பறிக்க வேண்டா. அருகில் அமருங்கள். கூழை நீர்க்கச் செய்யும் சட்டத்தை அவன் தேர்ந்தெடுக்கும் வேளையில் டெம்பிள் கூலியின் கதையைச் சொல்லுங்கள். அக்கூழை ஏந்தி நிற்பவர் வரிசையில் உன் பாட்டனின் பாட்டன் நின்றிருக்கக் கூடும் என்று சொல்லுங்கள். அதன் பின்னரும் அவன் விளையாடட்டும். ஆனால் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதை அறிந்து விளையாடட்டும்.