பிறந்தநாளுக்கு நுவரெலியாவில் ஹை டீ... போகும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கே.ஜி.கண்டிகைப் பக்கம் பிறந்தநாள் என்றால் காலையில் தலைக்குக் குளித்து, புதுத்துணி உடுத்தி, திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி முருகனைக் கும்பிடுவார்கள். சாயங்காலம் பேக்கரி கேக். இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு இன்னொன்றையும் சேர்க்கிறார்கள். பெரிய ஹோட்டலில் மூன்றடுக்குத் தட்டோடு வரும் மாலைநேர டீ!

லண்டன், சிங்கப்பூர் எல்லாம் செலவு அதிகம். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேர விமானத்தில் கொழும்பு, அங்கிருந்து மலையேறினால் நுவரெலியா. அங்குள்ள கிராண்ட் ஹோட்டலின் ஹை டீ ரொம்பவே பிரபலம்.

முதலில் பெயர்க் குழப்பம். 1840-களில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னாவுக்கு மதியச் சாப்பாட்டுக்கும் இரவு விருந்துக்கும் நடுவே பசி தாங்கவில்லையாம். அதில் பிறந்ததுதான் 'ஆஃப்டர்நூன் டீ' என்பார்கள். 'ஹை டீ' என்பது அங்கே வேலை முடிந்து வந்த தொழிலாளிகள் சாப்பிட்ட இரவுச் சாப்பாடு. நம் பக்கத்து ஹோட்டல்கள் பணக்காரர் டீக்குத் தொழிலாளியின் பெயரை வைத்துவிட்டன!

சாப்பிடும் முறை சுலபம். பொதுவாகக் கீழ்த்தட்டிலிருந்து மேலே போக வேண்டும். சாண்ட்விச், அடுத்து ஜாமும் க்ரீமும் தடவிய ஸ்கோன், கடைசியில் இனிப்பு. சைவம் என்றால் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சாண்ட்விச்சில் மீன் இருக்கலாம், கேக்கில் முட்டை இருக்கும், மூஸ் வகைகளில் ஜெலட்டின் சேரும். அம்மா கிருத்திகை விரதம் இருப்பவர் என்றால் டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பார்த்துவிடுவது உத்தமம்.

இனி, கோப்பைக்குள் இருப்பதைப் பற்றி. அந்த ஹோட்டல் ஒரு காலத்தில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மலை மாளிகை. 1824 முதல் 1831 வரை இலங்கையை ஆண்டவர், தாமே காபித் தோட்டமும் போட்டவர். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்றுதான் தமிழ்நாட்டிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869-ல் காபியை இலைநோய் தாக்கத் தொடங்கியது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. ஆட்கள் மாறவில்லை.

நாடு சுதந்திரம் அடைந்த 1948-லேயே வந்த சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. பல லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக முடிவு. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நீலகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைதான் பறித்தார்கள். அங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்றும் வெள்ளைக்காரன் காலத்து லயன் வீடுகளில் இருக்கிறார்கள்.

ஒரு கணக்கு. பல தோட்டங்களில் ஒரு நாள் முழுச்சம்பளத்துக்கு 18 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்றால் 4 கிலோ கிடைக்கும். கோப்பைக்கு 2 கிராம் வீதம் 2,000 கோப்பை டீ. குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021 வரை காத்திருந்தார்கள். 2024-ல் 1,350 ரூபாய் என்று முடிவானது. இலங்கைப் பணம் அது. நம் கணக்கில் 400 ரூபாய்க்குப் பக்கம். பெரிய ஹோட்டலில் ஒரு ஆளுக்கான ஹை டீ பில்லைப் பார்க்கும்போது இந்த எண் ஞாபகம் வந்தால் தப்பில்லை.

அதற்காகப் போகாமல் இருக்க வேண்டுமா? வேண்டாம். அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். மறுநாள் காலை தோட்டத்துச் சாலையில் கொஞ்சம் நடங்கள். கூடையோடு வரும் அக்காக்கள் தமிழில் "எங்கேயிருந்து வர்றீங்க?" என்று விசாரிப்பார்கள். அம்மாவுக்கு அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. ஃபோட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர்கள் வேலை நேரம் அது.

பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், ஆன்லைன் பயண அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டருக்கும் அதிக உயரம் என்பதால் ஸ்வெட்டர் கட்டாயம். வரும்போது தேயிலை வாங்குவீர்கள்தானே? நுவரெலியா இலை வெளிர் நிறம், மெல்லிய வாசனை. பால் ஊற்றினால் ருசியே தெரியாது. நம் வீட்டுப் பால் டீக்கு, தாழ்நாட்டில் விளையும் ருஹுணு தேயிலையைக் கேட்டு வாங்குங்கள்.