எதைப் பார்க்காது என்று சொல்லுங்கள் முதலில்

இணையதளங்களில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்கேனர்கள் இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளின் கைக்குப் போய்விட்டன. "இந்தத் தளம் பத்திரமாக இருக்கிறதா பார்" என்று ஒரு வரி தட்டினால் போதும். எந்தக் கருவியை எடுப்பது, எப்படி ஓட்டுவது, வந்த விடைக்கு என்ன அர்த்தம் என்பதையெல்லாம் ஏஜென்ட்டே தீர்மானிக்கிறது. எதை வைத்து? பெரும்பாலும் கருவியைச் செய்தவர்கள் எழுதிவைத்த கையேட்டை வைத்துத்தான்.

அந்தக் கையேடுகளுக்கு மார்க் போடுகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? ஐந்து நிமிடத்தில் இணைக்க முடிகிறதா, உதாரணங்கள் ஓடுகின்றனவா, நடை எளிமையாக இருக்கிறதா. மிக்ஸி வாங்கும்போது இதெல்லாம் போதும். பாதுகாப்புக் கருவி என்றால் நான் முதலில் தேடுவது, 'இது எதைப் பார்க்காது' என்று சொல்லும் பக்கத்தை. அது இல்லாத கையேட்டுக்கு, மற்றதெல்லாம் பொன்னெழுத்தில் பொறித்திருந்தாலும், என்னிடம் பாஸ் மார்க் கிடையாது.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு ஒரு சிறிய இணையதளம் உண்டு. சென்ற வருடம் செயலாளரின் பேரன் ஒரு ஏஜென்ட்டிடம் அதைச் சோதிக்கச் சொன்னான். அது ஏதோ ஒரு ஸ்கேனரை ஓட்டி, 'ஏ' கிரேடு, தளம் பாதுகாப்பாக உள்ளது என்று அழகான அறிக்கை கொடுத்தது. கமிட்டியில் எல்லோருக்கும் ஏக மகிழ்ச்சி. அதே தளத்தில் எங்கள் உறுப்பினர் பட்டியல், ஓய்வூதிய எண், பிறந்த தேதி, கைபேசி எண் சகிதம், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் எவரும் இறக்கிக்கொள்ளும்படி கிடந்தது. 'உயிர்வாழ் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்' என்று ஒரு உறுப்பினருக்கு, அவருடைய ஓய்வூதிய எண்ணையே சொல்லி ஃபோன் வந்த பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தோம். நல்லவேளை, மனிதர் உஷார், ஓடிபி கொடுக்கவில்லை. பட்டியலை எடுத்துவிட்டு மறுபடி ஸ்கேனரை ஓட்டினோம். அதே 'ஏ'.

கருவி பொய் சொல்லவில்லை. அது பார்த்தது சர்வர் அனுப்பும் எச்டிடிபி ஹெடர்களை. வாசல் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்ப்பது போல, அதுவும் அவசியமான வேலைதான். கொல்லைக் கதவு திறந்து கிடப்பது அதற்குத் தெரியாது. இதைக் கையேட்டில் சொல்ல வேண்டாமா? மொஸில்லா 2016இல் வெளியிட்ட அப்சர்வேட்டரியும் ஹெடர்களைப் பார்த்து கிரேடு போடுகிற கருவிதான். பழைய மென்பொருள், எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் போன்றவற்றைத் தான் சோதிப்பதில்லை என்று அவர்கள் கேள்வி-பதில் பகுதியிலேயே சொல்லியிருந்தார்கள். ஸாப் என்ற கருவியின் கையேடு இன்னும் நேர்மை. யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிக் கோளாறுகளை எந்தத் தானியங்கி ஸ்கேனும் கண்டுபிடிக்காது, ஆள் உட்கார்ந்துதான் சோதிக்க வேண்டும் என்கிறது. எங்கள் பட்டியல் விவகாரம் அந்த வகைதான். ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட பத்துப் பெரிய அபாயங்களில் முதல் இடமும் அதற்குத்தான்.

"தெரிந்தவனுக்கு இதெல்லாம் தெரியும் சார், கையேட்டில் எதற்கு?" என்றார் ஒரு மென்பொருள் நண்பர். அனுபவமுள்ள மனிதன் 'ஏ' என்று வந்தாலும் தாடையைச் சொறிந்துகொண்டு இன்னொரு முறை பார்ப்பான், வாஸ்தவம். ஏஜென்ட்டும் நிறையப் படித்ததுதான். ஆனால் கருவி தன்னை 'முழுமையான பாதுகாப்புச் சோதனை' என்று சொல்லிக்கொண்டால், அதை அப்படியே அறிக்கையில் ஏற்றிவிடுகிறதே! விற்பனைக்காரர் எழுதின வாசகம், நம் கைக்கு வரும்போது சர்டிபிகேட் ஆகிவிடுகிறது.

அப்புறம் இந்த 'குறைகள்: 0'. மின்வாரியத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். டெஸ்டர் எரியவில்லை என்பதற்காக எந்த லைன்மேனும் கம்பியில் கை வைக்க மாட்டார். கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் பார்ப்பார். ஸ்கேனர் பூஜ்யம் என்றால் குறையே இல்லாமலும் இருக்கலாம். ஃபயர்வால் தடுத்து, லாகின் பக்கத்தைத் தாண்ட முடியாமல், அது ஒன்றையுமே பார்க்காமலும் இருக்கலாம். இரண்டுக்கும் வெவ்வேறு விடை வருமா, வராதா? டெஸ்டரைச் சோதிக்க வழியில்லாமல் இல்லை. ஜூஸ் ஷாப், டிவிடபிள்யூஏ என்று வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்துவைத்த தளங்களை நம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். 'முதலில் அதில் ஓட்டுங்கள், இன்னின்ன குறைகள் வர வேண்டும்' என்று ஒரு பக்கம் எழுத என்ன கஷ்டம்?

லைன் கிளியர் வாங்காமல் யாரும் வேலை தொடங்குவதில்லை. இங்கே 'ஸ்கேன்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. வந்த பக்கத்தைச் சும்மா பார்ப்பது ஒன்று. விஷமமான உள்ளீடுகளை அனுப்பித் தாக்கிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது தாக்குதல்தான், உங்களுடையதல்லாத தளத்தில் செய்யாதீர்கள் என்று ஸாப் கையேடு பளிச்சென்று சொல்கிறது. என்மேப் தன் ஸ்கிரிப்ட்டுகளைப் பத்திரமானவை, ஊடுருவுபவை, சேவையையே முடக்கக்கூடியவை என்று வகைபிரித்து வைத்திருக்கிறது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதைப் பற்றியது. ஏஜென்ட் அதைப் படித்திருக்கலாம். கேஸ் என்று வந்தால் ஸ்டேஷனுக்குப் போவது ஏஜென்ட் அல்லவே.

கருவிகளை ஏஜென்ட்டோடு இணைக்க 2024 நவம்பரில் வந்த எம்சிபி நெறிமுறையில், ஒரு கருவி படிக்க மட்டும் செய்யுமா, சேதம் விளைவிக்குமா என்று குறிக்கப் பின்னால் இடம் வைத்தார்கள். செய்தவர் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் சேதம் விளைவிக்கும் என்றே கொள்ள வேண்டும். நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்தால், குறிப்பிட்டதையும் நம்பக்கூடாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு. எங்கள் பழைய ஏ.இ. ஒருவர் இப்படித்தான், யார் 'லைன் ஆஃப் சார்' என்றாலும் தானே போய்ப் பார்ப்பார்.

அந்த ஸ்கேனர்காரர்களுக்கு இதையெல்லாம் எழுதி மின்னஞ்சல் போட்டேன். கருத்துக்கு நன்றி, எங்கள் கையேட்டைப் பார்க்கவும் என்று லிங்க்குடன் பதில் வந்தது. பார்த்தேன். மாற்றம் செய்துதான் இருக்கிறார்கள்: ஐந்து நிமிடத்தில் இணைக்கலாம் என்றிருந்த இடத்தில் இப்போது இரண்டு நிமிடம் என்றிருக்கிறது.